வால் இல்லை, மற்றபடி நலம்

பிச்சிப்பூவின் வால் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு மாடு பார்க்கும் முறை லூர்தம்மாளுடையது என்பதால், முப்பது வருசம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து பழகிய நிதானத்தோடு அவள் நோட்டை விரித்து, தேதி போட்டு, மாட்டின் பெயருக்கு நேரே 'வால் இல்லை, மற்றபடி நலம்' என்று எழுதிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனாள். மாலை முறை எனக்கு. நான் போனபோது ஈக்கள் பிச்சிப்பூவின் பின்பக்கத்தில் உட்கார வருவதும், யாரோ வீசி விரட்டியதுபோல் கலைந்து பறப்பதுமாக இருந்தன. வால் இருந்த இடத்தில்தான் இருந்தது, கண்ணுக்குத்தான் அகப்படவில்லை. நானும் 'மேற்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஆலம்பொட்டல் என்பது எங்கள் ஊருக்குக் கிழக்கே, அரசாங்கம் புல்வெளிக் காப்பகம் என்று பலகை நட்டு வைத்திருக்கும் அறுநூறு ஏக்கர். முதலில் ஒரு மாடும் உள்ளே வரக்கூடாது என்று வேலி போட்டார்கள். மூன்றே வருசத்தில் கொழுக்கட்டைப் புல் இடுப்புயரம் வளர்ந்து, சீமைக்கருவேலம் அங்கங்கே தலைகாட்டி, வெட்டவெளித் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவிகள் உட்கார இடமில்லாமல் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டன. அப்புறம் குணசீலன் என்ற வனவர் மாற்றலாகி வந்தார். மேலிடத்துக்கு எழுதி, பதில் வராமல் மறுபடி எழுதி, ஒருவழியாக அனுமதி வாங்கி, வண்டிமறிச்சியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோயில் மாடுகள் நாற்பத்தொன்றையும் உள்ளே விட்டார். மாடு மேய்ந்த புல்லில் குருவிகள் திரும்பி வந்தன. மாடுகளைக் கவனிக்கத்தான் ஆளில்லை; எனவே ஊரில் வேலை ஓய்ந்து சும்மா இருந்த எங்களைக் கூட்டி, மாடு பார்க்கும் குழு என்று பெயர் வைத்து, ஆளுக்கொரு பச்சைத் தொப்பியும் பொதுவில் ஒரு நோட்டும் கொடுத்தார்.

காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பொட்டலைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு மாட்டையும் தலையிலிருந்து வால் வரை பார்க்க வேண்டும். நொண்டுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா, சாணி இளக்கமா இறுக்கமா, எல்லாம் எழுத வேண்டும். நாங்கள் ஒழுங்காகத்தான் பார்த்தோம், பிச்சிப்பூவைத் தவிர. அவள் அவ்வளவு அழகு. சுத்த வெள்ளை, சந்தையில் நின்றால் கூட்டம் கூடும், அப்படியொரு நடை. அழகான உருப்படியை நேராகப் பார்ப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. நல்லதைப் பார்த்தால் கண் பட்டுவிடும். வாய் தவறி 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டால் மூன்று தடவை துப்ப வேண்டும். ஆகவே அவளிடம் வந்ததும் பக்கத்திலிருக்கும் புல்லைப் பார்ப்போம், 'நலம்' என்று எழுதுவோம், நகர்ந்துவிடுவோம். மாட்டின் மேல் எங்களுக்கு இருந்த பிரியம் அப்படி.

எங்கள் எல்லோரையும்விட அவளைப் பார்க்காமல் இருந்தவள் பூமயில். சத்துணவு மையத்தில் சமைத்துக்கொண்டிருந்து வேலையை விட்டவள், ஐம்பத்திநாலு வயசு. ஊரில் அவளுக்குக் கண்ணுக்காரி என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்து 'எம்புட்டுக் காய்!' என்றாளாம், மறுநாள் காற்றில் மரம் முறிந்ததாம். அதற்கப்புறம் அவள் தெருவில் வந்தால் சாப்பிடுகிறவர்கள் தட்டை மூடுவார்கள், புதுச்சேலை கட்டியவர்கள் முந்தானையை இழுத்து மறைப்பார்கள். அவளும் முப்பது வருசமாகக் குனிந்த தலையோடு நடந்து, ஊர்க்காரர்களை அவர்கள் செருப்பை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டாள். தாய் செத்துப்போன கன்றாக இருந்த பிச்சிப்பூவுக்கு மூன்று மாசம் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவளும் அவள்தான், அதையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே செய்தாள். பிறகு தன் கண்ணுக்குப் பயந்து அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். வெளியூர்க்காரரான வனவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாததால் அவளையும் குழுவில் சேர்த்துவிட்டார். பிச்சிப்பூ பக்கம் தலை நிமிரக்கூடாது என்று நாங்கள் தனியாகச் சொல்லி வைத்தோம், அவள் சரி என்றாள்.

வாலுக்கு அடுத்து, வியாழக்கிழமை, பின்னங்கால்கள் போயின. ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். மினிபஸ் கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தை 'வால் போன மாடெல்லாம் இறங்கு' என்று கூப்பிட ஆரம்பித்தான், நாங்களும் இறங்கினோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முன்பாதி மட்டும் வரைந்தால் போதும் என்பதால் படப் பரீட்சையில் எல்லோரும் பிச்சிப்பூவையே வரைந்து முழு மார்க் வாங்கினார்கள். டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு, மறு வாரம் சலித்துப்போய் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். கால்நடை டாக்டரம்மா வந்து, தெரியாத கால்களையும் தெரிந்த வயிற்றையும் கையால் தடவிப் பார்த்து, சினை நிறைமாசம், கன்று இன்னும் பதினைந்து நாளுக்குள் விழும் என்று சொல்லி, தாது உப்புக் கலவை எழுதிக் கொடுத்தார். "கைக்கு இருக்கு, கண்ணுக்கு இல்ல. சத்துக் குறைவாத்தான் இருக்கும்" என்றார்.

சத்துக் குறைவு என்று யார் நம்பினார்கள்? இது கண்தான் என்று ஊருக்கு முதல் நாளே தெரியும். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினோம். நெற்றியிலும் கொம்பிலும் மை வைத்தோம். மிளகாயும் உப்பும் முச்சந்தி மண்ணும் சுற்றி அடுப்பில் போட்டோம், பூசணிக்காய் உடைத்தோம், லூர்தம்மாள் தன் பங்குக்கு மாதா கோயில் எண்ணெய் கொண்டுவந்து கொம்பில் தடவினாள். அவ்வளவும் செய்தும் வயிறு போயிற்று. கடைசியில் எல்லோரும் கூடி, பனையோலைத் தட்டி பின்னி, அவளைச் சுற்றி நாலு பக்கமும் மறைத்துக் கட்டினோம். ஒரு கண்ணும் படக்கூடாது. தண்ணீர் வைக்கக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

தட்டி கட்டிய மூன்றாம் நாள் திமிலும் முன்னங்கால்களும் முகமும் ஒரு கொம்பும் போய்விட்டன. மிச்சமிருந்த ஒற்றைக் கொம்பு மட்டும் ஓர் ஆள் மார்பு உயரத்தில், கறுப்பு மை பூசியபடி அந்தரத்தில் நின்றது. அதைவிட மோசம், கையும் தவற ஆரம்பித்தது. லூர்தம்மாள் வயிற்றைத் தடவிப் பார்க்கக் கை நீட்டியவள், ஒரு பக்கம் விட்ட கையை மறுபக்கம் எடுத்தாள். அதற்குள் இருந்த கன்று எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. 

பூமயில் அன்று டீ குடிக்கவில்லை. நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். எங்கள் மந்தையில் மொட்டைக்கொம்பன் என்று ஒரு கிழட்டு எருது உண்டு, பார்க்கச் சகிக்காது, முதுகெல்லாம் தழும்பு. அவனைப் பற்றி மட்டும் நோட்டில் பக்கம் பக்கமாக இருந்தது. இடது குளம்பில் வெடிப்பு, வலது காதில் நாலு உண்ணி, மழைக்கு முன்னால் பெருமூச்சு விடுவான், வேப்பங்கொழுந்து என்றால் உயிர், இப்படி. பிச்சிப்பூவுக்கு ஒன்றரை வருசத்துக்கும் ஒரே வார்த்தை, நலம்.

"லூர்து, பிச்சிப்பூ கண்ணு என்ன நெறம்?" என்றாள் பூமயில், நோட்டிலிருந்து தலை எடுக்காமல்.

"மாட்டுக் கண்ணு கறுப்பாத்தான இருக்கும் மதினி."

"நீ பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கப்போறேன்? எனக்கென்ன அது மேல கோவமா?"

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. அவளுக்கு மச்சம் எந்தக் கால்ல?"

"மச்சம் இருக்கா என்ன?" என்றேன் நான்.

"எனக்கும் தெரியாது. வளத்தவ எனக்கே தெரியாது." அப்போது அவள் நோட்டை மூடினாள். "எந்தக் கண்ணும் படல அண்ணாச்சி. ஒரு கண்ணுகூடப் படல. அதான் போயிட்டிருக்கா."

அவள் எழுந்து போய்த் தட்டியைப் பிடுங்க ஆரம்பித்தாள். லூர்தம்மாள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, வேணாம், சொன்னா கேளுங்க. மிச்சம் இருக்கது ஒத்தக் கொம்பு. நீங்க பாத்து அதுவும் போச்சுன்னா ஊரு உங்கள என்ன பேசும்னு நெனச்சுப் பாருங்க."

"முப்பது வருசமாப் பேசிக்கிட்டுத்தான இருக்கு. கைய விடு."

நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. தடுக்கவும் இல்லை. நாலு தட்டியையும் தனி ஒருத்தியாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முந்தானையால் கொம்பின் மையைத் துடைத்து, முப்பது வருசம் தரையைப் பார்த்த அந்தக் கண்ணை எடுத்துக் கொம்பின் மேல் வைத்தாள். வைத்த கண்ணை எடுக்கவில்லை. பார்த்ததைச் சத்தமாகச் சொல்லவும் செய்தாள், நோட்டில் மொட்டைக்கொம்பனுக்கு எழுதியிருந்த மாதிரியே: கொம்பில் மூன்று வளையம், நுனி லேசாக உள்பக்கம் சாய்வு, அடியில் ஒரு கீறல், வேலிக்கம்பியில் உரசியதாக இருக்கும். வெயில் ஏறியது. நாங்கள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் பார்ப்பதை நாங்கள் பார்க்காதபடி வரிசையாக நின்றோம். மத்தியானத்துக்கு மேல் அவள் குரல், "காது வந்துருக்கு. வலது காது. உள்ளுக்குள்ள ரோசா நெறம், நரம்பு தெரியுது" என்றது.

ஆனால் சாப்பாட்டுக்கு அவள் வாளியை விட்டு எழுந்து, தூக்குப் போணியைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு வருவதற்குள் காதில் பாதி போயிருந்தது. மறுபடி உட்கார்ந்தாள். இருட்டியதும் வனவர் வந்து வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பினார். விடிந்து வந்தால் காது முழுவதுமே இல்லை. மறுபடி கொம்பிலிருந்து. மூன்று நாள் இப்படிப் போனது. பகலெல்லாம் பார்த்து அவள் வரவழைத்ததை ராத்திரி தின்றுவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கண் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கி, இமை ஒட்டிப்போய், தண்ணீர் ஊற்றிப் பிரித்துக்கொண்டு பார்த்தாள். ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. டீக்கடையில் "நாம சொன்னா கேக்கவா போறா" என்றார்கள்.

"அண்ணாச்சி," என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டாள். "நான் ஒருத்தி பாத்தா பத்தாது. ஒரு ஆளு பாக்கதுக்கு மாடு ஒரு ஆளு மாடா? பொது மாடு. எல்லாரும் பாக்கணும். இன்னும் நாலஞ்சு நாள்ல கன்னு விழுந்துரும். விழுகதுக்கு ஒரு வயிறு வேணும்லா."

 இருபத்தாறு வருசத்துக்கு முன்னால் நான் சொந்தமாக மினிபஸ் வாங்கி ஓட்டிய முதல் நாள், பூமயில் ஏறும்போது 'வண்டி பளபளன்னு இருக்கு அண்ணாச்சி' என்றாள். ரெண்டாவது மைலில் டயர் வெடித்தது. முருங்கை மரத்தோடு மறந்துபோயிருக்க வேண்டிய அவள் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது நான்தான், ஏழு நிறுத்தத்திலும் சொன்னேன்.

"பூமயிலு," என்றேன், இன்னும் திரும்பாமல். "அந்த டயரு ஏற்கெனவே மொட்ட. பழைய டயருக்கு மேலயே ரப்பர் ஒட்டி வாங்கிப் போட்டிருந்தேன். வெடிக்கும்னு எனக்குத் தெரியும்."



"எனக்கும் தெரியும் அண்ணாச்சி," என்றாள். "ஏறும்போது குனிஞ்சு பாத்தேன். பளபளப்புக்குக் கீழ நூலு தெரிஞ்சுது. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப திரும்புங்க. எனக்குக் கண்ணு எரியுது."

நான் திரும்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துகொண்டுதான் திரும்பினேன். காதையும் கொம்பையும் பார்த்து, எனக்குத் தெரிந்த மாதிரி, வண்டி பார்ப்பதுபோல் சொன்னேன். காதுக்குப் பின்னால் சுழி, ரெண்டு சுழி. அவள் கண்ணை மூடி இளைப்பாறினாள், காது போகாமல் நின்றது.

அன்று ராத்திரி பெட்ரோமாக்ஸ் வைத்து நான் விடியும்வரை பார்த்தேன். காலையில் வனவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவில் மிச்சம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பழக்கமில்லாதவர்கள் ஆகையால் பாதிப் பேருக்கு எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. ஒருத்தர் பார்த்த வேகத்தில் வாய்ப் பழக்கத்தில் துப்பிவிட்டார், முட்டிவரை வந்திருந்த முன்னங்கால் அப்படியே மறைந்தது. அவரை நாலு பேர் நன்றாகத் திட்டி, மறுபடி உட்காரவைத்தோம். மினிபஸ் எங்கள் நிறுத்தத்தில் பத்து நிமிசம் நின்று, பயணிகள் இறங்கி வந்து ஆளுக்கொன்று பார்த்துச் சொல்லிவிட்டு ஏறிப் போனார்கள். கொல்லர் ஒருவர் குளம்பை வரவழைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்பாதியையும் வரைய வேண்டி வந்ததே என்று முனகிக்கொண்டே வயிற்றை வரவழைத்தார்கள். நோட்டில் பிச்சிப்பூவுக்கு மட்டும் பதினேழு பக்கம் சேர்ந்தது. மச்சம் இடது பின்னங்காலில் இருந்தது, மிளகு அளவு. கண் கறுப்பு இல்லை. அடர்ந்த தேன் நிறம். அதைப் பூமயில்தான் பார்த்தாள். அந்தக் கண் வந்ததும் முதலில் அவளைத்தான் பார்த்தது, வெகுநேரம் பார்த்தது. அவ்வளவு நேரம் இந்த ஊரில் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பூமயில் அழுதாள், துடைத்துக்கொள்ளவில்லை, பார்வை மறைக்கும் என்று கண்ணீரை ஓடவிட்டபடி பார்த்தாள்.

லூர்தம்மாள் மட்டும் திரும்பவே இல்லை. தினமும் வந்தாள், எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டே நாங்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினாள், ஆனால் திரும்பவில்லை. நாங்களும் கட்டாயப்படுத்தவில்லை.

பூமயில் வாளிமேல் உட்கார்ந்ததிலிருந்து ஆறாம் நாள் முற்பகலில் வாலும் வந்து சேர்ந்தது. வந்த வாலை ஒருமுறை சுழற்றி ஈயை அடித்துவிட்டு, பிச்சிப்பூ புல்லில் படுத்தாள். நீர்க்குடம் உடைந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம், அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. பூமயில் முழங்காலிட்டுப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி இழுத்தாள். கனமாக எதுவோ அவள் கையில் வழுக்கி வந்ததை, அவள் பின்னால் சாய்ந்ததை, தரையில் புல் நசுங்கிப் பள்ளமானதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பள்ளத்தில் ஒன்றுமில்லை. நனைந்த புல் மட்டும் இருந்தது. பிச்சிப்பூ தலையைத் திருப்பி ஒன்றுமில்லாத இடத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

 உலகத்தில் ஒரு கண்கூட இதுவரை பார்த்திராத உயிர் எப்படித் தெரியும்? பள்ளத்திலிருந்து மூச்சு மட்டும் வந்தது, திணறித் திணறி, இடைவெளி விட்டு. அம்பது அறுபது பேர் சுற்றி நின்றோம். பச்சைக் கன்றை முதலில் பார்க்கும் கண் யாருடையதாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு மற்றவர் முகத்தைப் பார்த்தோம். ஈன்ற கன்றின் மேல் சாக்கைப் போட்டு மூடி, மூன்று நாள் யாருக்கும் காட்டாமல் வைப்பது எங்கள் வழக்கம். லூர்தம்மாள் கையில் அந்தச் சாக்கு தயாராக இருந்தது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பூமயில் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன்னால் எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகப் போனாள்.

லூர்தம்மாள் சாக்கை மடித்துத் தரையில் போட்டு, பூமயிலின் தோளை அழுத்தி அதன்மேல் உட்காரவைத்தாள். "எங்க போறீங்க? மூச்சு வாங்குது பாருங்க. நீங்கதான் பாக்கணும். நீங்க பாருங்க மதினி."

பூமயில் குனிந்தாள். மெதுவாக, குளம்பிலிருந்து ஆரம்பித்தாள். குளம்பு மஞ்சளா இருக்கு, இன்னும் இறுகல. கால் நாலும் மடங்கிக் கிடக்கு. முட்டியில வெள்ள. மூக்குல கோழை, இரு, துடைக்கேன். செவல நெறம், தாயி மாதிரி இல்ல. கிடேரிதான். இமை ஒட்டியிருக்கு, இந்தா தொறக்குது, தொறந்துட்டா. அவள் சொல்லச் சொல்ல அங்கங்கே வந்து, கடைசியில் நனைந்த செவலைக் கன்று ஒன்று பள்ளத்தில் தலையைத் தூக்கி ஆட்டியது. பூமயில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மாடி, என்ன அழகு!" என்றாள். "லூர்து, என் கண்ணே பட்டுரும் போல இருக்குடி."

லூர்தம்மாள் முதல்முறையாக நேராக நின்று அந்தக் கன்றைப் பார்த்தாள், அப்புறம் பூமயிலைப் பார்த்தாள்.

"படட்டும் மதினி," என்றாள். "நல்லாப் படட்டும்."